கொட்டக் கூடாது

மார்ச் 10, 1986. திருச்சி

நைட்ரோபென்சீன் ஒருவழியாக இன்று வந்து சேர்ந்தது. இரண்டு பழுப்புப் போத்தல்கள். திறந்ததும் ஆய்வுகூடம் முழுக்கச் சப்பாத்துக்குப் பூசும் பாலிஷ் வாசம். லூர்து ஓடிப்போய்ச் சன்னல்களைத் திறந்தாள்.

வேலை என்னவென்று எழுதிவைக்கிறேன். பிற்காலத்தில் வாசித்தால் எனக்கே விளங்க வேண்டும். தண்ணீரும் நைட்ரோபென்சீனும் கலக்காது. அடியில் குழாய் வைத்த பிரிபுனல் என்ற குடுவையில் ஊற்றி எவ்வளவு குலுக்கினாலும் சற்று நேரத்தில் தண்ணீர் மேலே, கரைப்பான் கீழே என்று பிரிந்து நின்றுவிடும். தண்ணீரில் உப்புக் கரைந்திருந்தால் அதன் அயனிகளில் ஒரு பங்கு கீழே இறங்கும். இறங்கும்போது வெறுங்கையோடு போவதில்லை. தன்னைச் சுற்றியிருந்த தண்ணீரில் கொஞ்சத்தையும் இழுத்துக்கொண்டு போகும். எந்த அயனி எவ்வளவு தண்ணீரைக் கொண்டுபோகிறது என்று அளப்பதுதான் பேராசிரியர் கோதண்டத்தின் திட்டம்.

அளப்பவர்கள் இரண்டு பேர். லூர்துமேரி இந்தக் கல்லூரியில் காலையில் செய்முறை வகுப்பு எடுக்கிறாள், மாலையில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்கிறாள். நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவள், இரண்டு வருடமாக இங்கே திட்ட உதவியாளர். வெந்நீர்த் தொட்டி ஒன்று, பியூரெட் ஒன்று. ஆகையால் காலை எனக்கு, மாலை அவளுக்கு. வாசலில் சந்திக்கும்போது பேசிக்கொள்வதுதான்.

தொட்டியை நாற்பத்தைந்து டிகிரியில் வைத்திருக்கிறோம். இந்த ஊர் வெயிலில் அதற்குக் கீழே எதையும் ஒரே வெப்பத்தில் நிறுத்த முடியாது. எங்களிடம் சூடாக்கக் கருவி உண்டு, குளிராக்க இல்லை.

மார்ச் 12

பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட்டு, பழுப்பு நிறம் மறையாமல் நிற்கும்வரை தண்ணீரை அளக்கும் திரவத்தில் பிரிடின் இருக்கிறது. அழுகிய மீனின் நாற்றம். சேலையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் மறித்தார்.

"ஏம்மா, மேல கருவாடு காயவைக்கிறியா? நாங்க முட்டைகூடத் தொடமாட்டோம்."

பிரிடின் என்று விளக்கினேன்.

"அது என்ன மீனோ, இந்த வீட்டுக்கு வேணாம்."

இனி ஆய்வுகூடத்திலேயே சேலை மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

மார்ச் 19

பேராசிரியர் லித்தியத்தை லூர்துவிடம் கொடுத்தார். அவளுடைய ஆய்வேட்டின் நடு அத்தியாயம் அதுதான். ஜூன் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவு காலாவதியாகிவிடும். கொடுத்துவிட்டால் இதே கல்லூரியில் நிரந்தர வேலை. ஐந்து வருடம் இதற்காகவே கல்யாணப் பேச்சையெல்லாம் தள்ளிவைத்திருக்கிறாள். அவள் அம்மா என்னைக் கண்டால் அதைத்தான் சொல்லி அழுவார்.

சோடியம், பொட்டாசியம், சீசியம் என்னுடையவை. அவற்றில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவளுக்கு முறையைச் சொன்னேன். குலுக்கி, தொட்டியில் படிய விட்டு, பிறகு கீழ்ப்படலத்தைத் தனியே எடுக்க வேண்டும். அந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். மேலே உள்ள தண்ணீரில் ஒரு துளி தவறி வந்துவிட்டால் போச்சு. அயனி கொண்டுவந்த தண்ணீரும் நாங்கள் தவறவிட்ட தண்ணீரும் பியூரெட்டுக்கு ஒன்றுதான்.

"ஆறுதலா எடுங்கோ லூர்து. கெதியா எடுத்தால் எல்லாம் பிழைச்சுப் போகும்."

"ஆறுதலா. சரிக்கா, ஞாபகம் வச்சுக்கறேன்."

அவளுக்கு ஒரு வியாதி உண்டு, எதையும் கொட்டமாட்டாள். முடிவு வரும்வரை, கழுவிய தண்ணீரைக்கூடப் போத்தலில் அடைத்து, பெயர் எழுதி, கீழே சிவப்பு மையில் 'கொட்டக் கூடாது' என்று எழுதி அலமாரியில் வைப்பாள். என் சாமான் வைக்க ஒரு தட்டுக்கூட மிச்சமில்லை. ஒருநாள் இவளையே போத்தலில் அடைத்து வைத்தால் என்ன என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 2

என் எண்கள் ஒழுங்கானவை. சோடியம் ஏறக்குறைய நான்கு தண்ணீர் மூலக்கூறுகளைக் கொண்டுபோகிறது. பொட்டாசியம் ஒன்றுக்குச் சற்று மேலே. சீசியம் அரை, அதாவது இரண்டு சீசியம் சேர்ந்து ஒரு தண்ணீரைத் தூக்குகின்றன.

லூர்துவின் லித்தியம் ஒன்பது. மறுநாள் பதினொன்று. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை.

"இருக்கிறதுலயே சின்னப் பயல். எவ்வளவு சுமந்துட்டுப் போறான் பாருங்க."

சின்ன அயனிக்குத்தான் பிடி இறுக்கம், அதனால் லித்தியம் அதிகம் கொண்டுபோகும் என்பது தெரிந்ததே. ஆனால் பதினொன்று என்பது எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

போகும்போது கேட்டாள். "அக்கா, நீங்க லித்தியமா, சீசியமா?"

இவளுக்கு எல்லாவற்றுக்கும் உவமை வேண்டும். "நான் டெட்ராபியூட்டைல் அமோனியம்" என்றேன். தண்ணீரே ஒட்டாத அயனி அது. காலி கையோடு கீழே இறங்கிவிடும்.

"பேசறது மட்டும் சிலோன் ரேடியோ மாதிரி. தண்ணி ஒட்டாதாம்" என்று சிரித்தாள்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. கல்லூரி இல்லை. வீட்டுக்கார அம்மா மாங்காய்ப் பச்சடி கொடுத்தனுப்பினார். வேப்பம்பூ கூடிவிட்டது.

கனடாவிலிருந்து தம்பி இந்திரனின் கடிதம். என்னைக் கூப்பிட்டுக்கொள்ள எழுதிக் கொடுத்தது ஏற்கப்பட்டுவிட்டதாம். மதராசில் ஒரு நேர்காணல், பிறகு விசா. "இனி என்ன யோசனை, வெளிக்கிடும் வழியைப் பாருங்கோ" என்று எழுதியிருக்கிறான். யோசனை ஒன்றும் இல்லை. போக வேண்டியதுதான்.

தேத்தண்ணீர் வைத்தேன். இந்த ஊர்த் தேத்தண்ணீர் இன்னும் நாக்கில் நிற்பதில்லை. காவிரித் தண்ணீர் நல்ல தண்ணீர், குறை சொல்ல முடியாது. ஆனால் வண்ணார்பண்ணையில் எங்கள் வீட்டுக் கிணறு சுண்ணக்கல்லில் வெட்டியது. சவர்க்காரம் நுரைக்காது. பருப்பு வேகாது. தேத்தண்ணீருக்கு மட்டும் அதற்கு ஈடு இல்லை. வாயில் ஒரு கனம் இருக்கும். மாலையில் அம்மா நீலக் கேத்திலை அடுப்பில் ஏற்றினால் ஒழுங்கை முனை வரை ஏலக்காய் மணக்கும். பள்ளிக்கூடத்தால் வந்து சைக்கிளைச் சாத்துவதற்குள் பேணியில் ஊற்றி வைத்துவிடுவா. அம்மா போய் நான்கு வருடம். வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி பக்கத்து வீட்டு அன்ரியிடம்.

இன்று தேத்தண்ணீர் வைத்ததும் அந்தக் கேத்திலில்தான். எனாமல், மூக்கில் சின்ன உடைப்பு. உள்ளே கிணற்றுச் சுண்ணாம்பு விரல் நகத்தளவு கனத்துக்குப் படிந்து காய்ந்திருக்கிறது. அம்மா அதை உரச விடமாட்டா. "அதிலதான் ருசி இருக்கு, கை வையாதே" என்பா. இரசாயனப்படி அதில் உண்மை இல்லை. நான் அதைக் கொண்டுவந்தது வெளிக்கிடும் அவசரத்தில் கைக்கு அகப்பட்டது அதுதான் என்பதால். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 24

இன்று காலை லித்தியத்தை மறுபடி நானே செய்து பார்த்தேன். ஆறரை. நேற்றும் ஆறரைக்குக் கிட்ட.

லூர்துவின் கடைசி மூன்று எண்கள் ஏழு, பதினொன்று, ஒன்பது. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத எண்கள்.

பேராசிரியரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் லூர்துவையும் கூப்பிட்டு நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"ஒரே உப்பு, ஒரே தொட்டி. ரெண்டு பேருக்கு ரெண்டு விதமா வந்தா வெளியில என்னன்னு சொல்றது? சரியான காரணம் தெரியலைன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்துட வேண்டியதுதான்."

நடு அத்தியாயம் போனால் ஆய்வேடு இல்லை. எங்கள் மூவருக்கும் அது தெரியும். லூர்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏப்ரல் 26

வாசலில் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"லூர்து, கோவிக்காதேங்கோ. ஆறுதலாத்தானே எடுக்கிறனீங்கள்?"

"ஆறுதலாத்தாங்க்கா. ஒவ்வொண்ணுக்கும் அரை மணி நேரம் ஆகுது. நீங்க சொன்னதுல ஒண்ணுகூட மாத்தல."

அரை மணி என்றால் என்னைவிட ஆறுதல். அதற்கு மேல் என்ன கேட்பது? நான் மௌனமாக நின்றது அவளுக்கு வேறு மாதிரிப் பட்டிருக்கிறது.

"நான் பொய் எண் எழுதறேன்னு நெனக்கிறீங்களா?"

"அப்பிடிச் சொன்னனானோ?"

"சொல்லல. நிக்கிறீங்க."

பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பேருந்தில் எனக்கு இடம் கிடைத்தது. இருந்தும் உட்கார மனம் வரவில்லை.

மே 3

ஒரு வாரமாகப் பேச்சு இல்லை. இன்று அவளாகவே வந்தாள். நாளைக்குத் தங்கைக்கு நிச்சயதார்த்தம், வீட்டில் பாத்திரம் போதவில்லை, வருகிறவர்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுக்க என் கேத்தில் வேண்டும் என்றாள். சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்று விளங்கியது. அதற்கு ஒரு கேத்தில் போனால் போகட்டும்.

"முடிஞ்சதும் வடிவாக் கழுவித் தாங்கோ" என்று சொல்லிக் கொடுத்தேன். காப்பி வாசம் ஏறினால் பிறகு தேத்தண்ணீர் வைக்க முடியாது.

"என்னையும் கூப்பிடுறீங்களோ, கேத்திலை மட்டுமோ?"

"கேத்திலும் நீங்களும்" என்றாள். கேத்தில் என்று என்னைப் போலவே சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மே 6

கேத்தில் திரும்பி வந்தது. சுத்தமாக இருக்கிறது.

மே 7

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வாங்கிய அன்று கடையில் இருந்தது போல. படிந்திருந்த சுண்ணாம்பில் ஒரு பொட்டு மிச்சமில்லை. காலையில் அதில் தேத்தண்ணீர் வைத்தேன். அரைவாசி குடித்தேன். மிச்சத்தைக் கொட்டினேன். சுண்ணாம்புக்குப் போய் அழும் ஆள் இல்லை நான். கண்ணில் அடுப்புப் புகை.

மாலையில் லூர்து வரும்வரை காத்திருந்தேன்.

"ஏன் லூர்து இவ்வளவு பாடுபட்டனீங்கள்? ஒருக்கா அலம்பித் தந்திருக்கலாமே."

"நீங்கதானேக்கா வடிவா கழுவித் தரச் சொன்னீங்க. வடிவுன்னா அழகு. பாக்க அழகா இருக்கணும்கிறீங்கன்னு, இங்க கொண்டாந்து அசிட்டிக் ஆசிட் ஊத்தி ராவெல்லாம் வச்சேன். அப்பா, எவ்வளவு படிஞ்சிருந்தது. எப்படி இத்தனை நாள் குடிச்சீங்க?"

"வடிவா எண்டால் நல்லா எண்டு அர்த்தம். நல்லா அலம்பித் தாங்கோ எண்டுதான் சொன்னனான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. என் வாயிலிருந்து போன வேறு சொற்கள் இந்த ஊரில் என்னவாகப் போய்ச் சேர்ந்தனவோ என்று ஒரு பயம் வந்தது.

"லூர்து, ஆறுதலா எடுங்கோ எண்டால் என்ன?"

"ஆறவச்சு எடுக்கிறது."

"ஆறவைச்சோ?"

"சூடா இருக்கிற குடுவைக்கா. ஆறுதலா எடுன்னா ஆறவச்சு எடுன்னுதானே அர்த்தம்? வேற என்ன இருக்கு? நான் பானைத் தண்ணியைப் பேசின்ல ஊத்தி அதுல நிறுத்தி வைப்பேன். அரை மணி ஆகும். நல்லா ஆறினதும் குழாயைத் திறந்தா சர்ருனு எறங்கிடும்."

"நான் கெதியா எடுக்க வேண்டாமெண்டு சொன்னனான்."

"கெதியான்னா என்னன்னே எனக்குத் தெரியலக்கா. எல்லாம் பிழைச்சுப் போகும்னீங்க. பிழைச்சா நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் ஆறுதலாக என்றால் மெதுவாக. கெதியாக என்றால் வேகமாக. பிழைத்துப் போவதென்றால் தவறிப் போவது. மெதுவாக எடு, வேகமாக எடுத்தால் தவறிப் போகும் என்று நான் சொன்னது, ஆறவைத்து எடு, எல்லாம் நன்றாக வரும் என்று அவள் காதில் விழுந்திருக்கிறது.

மே 8

என் கண் முன்னால் அவளை ஒருமுறை செய்யச் சொன்னேன். சூடான கரைப்பான் பானைத் தண்ணீரில் குளிரக் குளிர, அதில் கரைந்திருந்த தண்ணீரில் கொஞ்சம் கரைய இடமில்லாமல் பொடித் துளிகளாக வெளியே வந்துவிடுகிறது. பனிக்காலத்துக் கண்ணாடி போல மங்கல். அயனியோடு துணைக்குப் போகும் எதிர் அயனி நல்ல ஆரஞ்சு நிறம், அந்த நிறத்தில் மங்கல் தெரியவில்லை. விளக்குக்கு நேரே பிடித்தால்தான் தெரிகிறது. அதன்மேல் குழாயை முழுதாகத் திறந்ததும் மேலிருந்த தண்ணீரும் சுழித்துக்கொண்டு இறங்குகிறது. ஏழும் பதினொன்றும் வராமல் வேறு என்ன வரும்?

இருவரும் பேராசிரியரிடம் போனோம். பிழை என் வாயில்தான் என்று நானே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மேசையில் கையை ஊன்றிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"ரெண்டு பேரும் தமிழ்தானே பேசறீங்கன்னு நெனச்சேன்."

சிரித்து முடித்ததும் பழைய ஆள் திரும்பினார். லித்தியம் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும், நாங்கள் இருவரும் தனித்தனியே செய்ய வேண்டும், இரண்டு பேர் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஜூன் இருபதுக்குள் முடியாவிட்டால் அத்தியாயம் இல்லை.

மே 16

மின்வெட்டு. தொட்டி முப்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. காலை வேலை வீண்.

மே 17

மறுபடியும் மின்வெட்டு. லூர்து தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தினாள். இந்த வெயிலில் கம்பளி எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவள் அம்மா இடுப்பு வலிக்குச் சுற்றிக்கொள்வதாம்.

மே 29

மதராஸ் போய் நேர்காணல் முடித்து வந்தேன். மூன்று கேள்விதான் கேட்டார்கள். திரும்பி வந்ததும் நேரே ஆய்வுகூடம் போனேன். ஒரு போத்தல் நைட்ரோபென்சீன் முடிந்துவிட்டது. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஒரு துளிகூடச் சிந்தக் கூடாது.

இப்போது இருவரும் ஒன்றாகவே வேலை செய்கிறோம். ஒருவர் எடுக்க மற்றவர் பார்க்கிறோம். சரியாக எடுப்பதென்றால் துளித்துளியாக விட வேண்டும். அதனால் பேச நேரம் கிடைக்கிறது. இன்று கேத்தில் கதையைச் சொல்லிவிட்டேன். சொல்ல நினைக்கவில்லை. பேச்சு எங்கேயோ போய் அங்கே வந்து நின்றது. கிணறு, அம்மா, ஏலக்காய், கை வையாதே என்றது.

லூர்து குழாயை மூடிவிட்டாள்.

"அதை நான் கரைச்சு எடுத்துட்டேன்."

"வெறும் சுண்ணாம்புதானே. பரவாயில்லை."

"பரவாயில்லைன்னு சொல்றீங்க" என்றாள். பிறகு அலமாரிப் பக்கம் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகு குழாயைத் திரும்பவும் துளித்துளியாகத் திறந்தாள். நானும் வேலையைப் பார்த்தேன்.

ஜூன் 5

விசா வந்துவிட்டது. இந்திரன் பத்தொன்பதாம் தேதிக்கு விமானம் பதிவு செய்திருக்கிறான். சாமான் கட்ட நேரம் போதாது, ஜூலைக்கு மாற்று என்று தந்தி கொடுத்தேன். என்னிடம் இருப்பது ஒரு பெட்டியும் ஒரு கேத்திலும்.

ஜூன் 9

லூர்து ஆறரை. நான் ஆறு புள்ளி மூன்று.

ஜூன் 10

தொட்டியிலிருந்து எடுக்கும்போது பிரிபுனலின் குழாய் லூர்துவின் கையில் முறிந்தது. ஆரஞ்சுக் கரைசல் முழுவதும் மேசையில். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். கரைப்பானில் கால்வாசி போய்விட்டது. இயற்பியல் துறையில் கெஞ்சிப் பழைய புனல் ஒன்று வாங்கி வந்தோம்.

ஜூன் 17

முடிந்தது. அவளுடைய நான்கு எண்களும் என்னுடைய நான்கும் ஆறுக்கு மேலே, ஏழுக்குக் கீழே, ஒன்றையொன்று தோளில் கை போட்டு நிற்கின்றன. பியூரெட்டிலிருந்து கடைசித் துளியை லூர்து விட்டாள். நான் மூச்சு விடாமல் பக்கத்தில் நின்றேன். பழுப்பு நிறம் வந்து மறையாமல் நின்றபோது அவள் என் தோளில் நெற்றியை வைத்தாள். அவள் தலைமுடியில் பிரிடின் நாற்றம், என்னிடமும் அதுதான் இருந்திருக்கும்.

பேராசிரியர் எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "எழுதுங்க" என்றார்.

ஜூன் 27

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. லித்தியம் நடு அத்தியாயத்திலேயே இருக்கிறது. அவள் அம்மா எனக்கு மீன் குழம்பு அனுப்பியிருந்தார். வீட்டுக்கார அம்மா மூக்கைச் சுளித்தார். இந்த முறை அது உண்மையாகவே மீன் என்பதால் நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 1

பெட்டி கட்டினேன். கேத்திலை எடுத்துப் போவதா வேண்டாமா என்று யோசித்தேன். காலிப் பாத்திரம்தானே. இடம் இருந்தது, வைத்தேன்.

ஆய்வுகூடத்தில் என் மேசையைத் துடைத்துக் கொடுத்தேன். சன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருக்கிறது. இரண்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறேன். இன்றைக்குத்தான் அது வேப்பமரம் என்று கவனித்தேன். இந்த ஊரை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. இதை ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

ஜூலை 4. மதராஸ் போகும் ரயில்

லூர்து நிலையத்துக்கு வந்திருந்தாள். காலைப் பூசைக்குப் போகாமல் வந்தாளாம். சாமி கோவிக்காதா என்று கேட்டேன். பிரிடின் நாற்றத்தோடு போனதற்கே கோவிக்கவில்லை என்றாள்.

ரயில் நகரும்போது சன்னல் வழியாக ஒரு சின்ன அட்டைப் பெட்டியைத் தந்தாள். "இப்ப பிரிக்காதீங்க" என்றாள். பிறகு ரயிலோடு நாலு எட்டு நடந்தபடி சொன்னாள்.

"ஆறுதலாப் போட்டு வாங்கோ அக்கா."

போய்விட்டு வாருங்கள் என்பதை எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம். அவள் தப்பில்லாமல் சொன்னாள். மெதுவாக என்று சொன்னாளோ, மனம் தேறி என்று சொன்னாளோ, நான் கேட்கவில்லை. அதற்குள் நடைமேடை முடிந்துவிட்டது.

அரியலூர் தாண்டியதும் பெட்டியைப் பிரித்தேன். பஞ்சுக்குள் ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே மாவு போல வெள்ளைப் பொடி. அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'மலர் அக்காவின் கேத்தில். கால்சியம் கார்பனேட்.' கீழே சிவப்பு மையில், 'கொட்டக் கூடாது'.

கழுவிய அமிலத்தை அவள் கொட்டவே இல்லை. அன்றைக்கே போத்தலில் அடைத்து அலமாரியில் வைத்திருக்கிறாள். கேத்தில் கதையைக் கேட்ட அன்று அவள் பார்த்தது கடிகாரத்தை அல்ல, அந்தப் போத்தலை. எனக்குத் தெரியாமல் அதில் சோடியம் கார்பனேட் போட்டு, கரைந்ததைத் திரும்ப வெள்ளையாகப் படியவைத்து, வடிகட்டி, கழுவி, அடுப்பில் உலர்த்தி எடுத்திருக்கிறாள். ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த நாட்களில்.

எதிரே இருந்த அம்மாள் "யாருக்கும்மா என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அழுதேன். இந்த முறை புகை என்று எழுத வழியில்லை.

அழுது முடிந்ததும் இரசாயனம் ஞாபகம் வந்தது. அந்தக் கேத்திலில் நான் இரண்டு வருடம் இங்கேயும் தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறேன். அடியில் படிந்திருந்தது எங்கள் கிணறு, அதன் மேல் படிந்தது காவிரி. அமிலத்தில் போனபோது இரண்டும் ஒன்றாகக் கரைந்துவிட்டன. இந்தப் பொடியில் எது அங்கே, எது இங்கே என்று எந்த ஆய்வுகூடத்தில் கொடுத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அம்மா கை வைக்க விடாததும் லூர்து கை வைத்ததும் ஒரே குப்பியில் இருக்கின்றன.

குப்பியைப் பஞ்சில் சுற்றிக் கேத்திலுக்குள் வைத்து மூடினேன்.

விழுப்புரத்தில் தேநீர் வந்தது. ஒரு குவளை வாங்கினேன். முழுதும் குடித்தேன்.